கொழுந்தும் மாணிக்கமும்: மலையகத்திலிருந்து லூட் விளையாட்டுகளைப் பார்த்தல்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் கெசல்கமு ஓயா ஓடும் கரைகளுக்கு அடியில் மாணிக்கக்கல் கிடக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்றோரம் தோண்டியவர்கள் கைது என்ற செய்தி ஹட்டனிலிருந்து அடிக்கடி வரும். அகழ்வுக்கு அனுமதி தரவேண்டியது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை. அந்த அனுமதிக்குக் காத்திருக்க முடியாதவர்கள் இருட்டியபின் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள். தோண்டிய மண் ஆற்றில் கரைந்து, கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது.

தோண்டுகிறவர் தேடுவது இல்லம் என்று சொல்லப்படும் கூழாங்கல் படையை. அது எத்தனை அடியில் இருக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அகப்பட்டால், வாரி மேலே ஏற்றி, அகலமான பிரம்புத் தட்டில் கொட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சுழற்றுகிறார்கள். மண்ணும் லேசான கல்லும் விளிம்பைத் தாண்டிப் போய்விடும், கனமானது அடியில் தங்கும். கடைசியில் தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற அந்த அரை நிமிஷம் யாரும் பேசுவதில்லை. பெரும்பாலான தட்டுகளில் ஒன்றுமிருக்காது.

அதே ஆற்றுக்கு மேலே, அதே சரிவில், பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. இத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு. தோட்டத்துக்குத் தோட்டம் இந்த அளவு மாறும். 18 கிலோ, 20 கிலோ என்று கேள்விப்படுகிறோம். ஒவ்வொரு தளிரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கை ஒருமுறை போய்வர வேண்டும்.

கணினி விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. அரக்கர்களைக் கொன்று, அவர்கள் உடலிலிருந்து விழும் வாளையும் மோதிரத்தையும் கவசத்தையும் பொறுக்கி, அவற்றை அணிந்து இன்னும் பலமான அரக்கர்களைக் கொன்று, இன்னும் நல்ல வாளைத் தேடுவது. விழுகிற பொருளை லூட் என்றும் விழுவதை டிராப் என்றும் விளையாடுகிறவர்கள் சொல்வார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டிருப்பது கிரைண்ட். டயப்லோ, பாத் ஒஃப் எக்ஸைல், டோர்ச்லைட், லாஸ்ட் ஈபொக் எல்லாம் இந்தக் குடும்பம். முப்பது வருஷமாக மக்கள் இவற்றை ஏன் விட்டுவிட முடியாமல் விளையாடுகிறார்கள், விளையாடிக்கொண்டே ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது, அதை நான் மலையகத்தில் இருந்துதான் கண்டேன். மலைச்சரிவில் பிரிந்து கிடக்கும் இரண்டு உழைப்புகளை, கொழுந்து எடுப்பதையும் கல் தோண்டுவதையும், இந்த விளையாட்டுகள் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கின்றன. கை போய்வந்தால் நிச்சயம் ஏதோ கூடும். எந்த நொடியிலும் மாணிக்கமும் விழலாம். நிச்சயமும் எதிர்பாராததும் ஒரே செயலில் கிடைக்கிற வேலை வெளி உலகத்தில் மிக அரிது. அந்தக் கவர்ச்சியும், அது கெட்டுப்போகும்போது வருகிற ஆத்திரமும் இந்தத் தையலிலிருந்தே பிறக்கின்றன.

இதன் தொடக்கம் 1980. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் எழுத்துக் குறிகளால் மட்டுமே வரையப்பட்ட ரோக் என்ற விளையாட்டு வந்தது. ஒவ்வொரு முறையும் பாதாளத்தின் அமைப்பும் அதில் கிடக்கும் பொருட்களும் புதிதாக உருவாகும். அதன் வழியில் மோரியாவும் ஆங்பாண்டும் வந்தன. அவற்றைக் கல்லூரி நாட்களில் விளையாடி வளர்ந்த டேவிட் பிரெவிக், தாம் முன்பு வாழ்ந்த இடத்துக்கு அருகிலிருந்த கலிபோர்னிய மலையொன்றின் பெயரையே தம் விளையாட்டுக்கு வைத்தார். அந்த மலைதான் மவுண்ட் டயப்லோ. முதலில் அவர் வடிவமைத்தது சதுரங்கம் மாதிரி ஆளுக்கொரு முறை நகர்த்தும் விளையாட்டு. வெளியிடும் நிறுவனமான ப்ளிசார்ட் அதை நேரடி ஓட்டத்துக்கு மாற்றச் சொன்னபோது அவர் மறுத்தார். பிறகு இணங்கி, ஒரே மத்தியானத்தில் மாற்றிப் பார்த்தார். எலும்புக்கூடு ஒன்றைச் சொடுக்கியதும் அது அப்படியே நொறுங்கி விழுந்தது. அந்தக் கணத்தைப் பற்றி 2016இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாடொன்றில் அவரே விரிவாகச் சொன்னார். 1996ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் டயப்லோ கடைக்கு வந்தது. 2000 ஜூனில் டயப்லோ 2.

இந்த இரண்டாவது விளையாட்டில்தான் டிராப் ஒரு முழுமையான பொறியாக மாறியது. அரக்கன் செத்ததும் கணினி ஒரு பட்டியலைத் திறக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று. முதலில் ஒன்றும் விழாமல் போகும் வாய்ப்பு. அதைத் தாண்டினால் எந்தவகைப் பொருள் என்ற சீட்டு. அதன்பின் அது சாதாரணமா, நீலமா, மஞ்சளா, பச்சையா, பொன்னிறமா என்ற சீட்டு. கடைசியாக அதன் குணங்களுக்குரிய எண்கள். ஒரு மோதிரம் கீழே விழுந்து 'ணிங்' என்று ஒலிப்பதற்குள் இத்தனை குலுக்கலும் முடிந்துவிடும். பொன்னெழுத்தில் பெயர் தெரிந்தாலும் அதன் குணம் உடனே தெரியாது. அடையாளம் காட்டும் சுருளைப் பயன்படுத்த வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்பி டெக்கார்ட் கேன் என்ற கிழவரிடம் காட்ட வேண்டும். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்க்கிற அந்த அரை நிமிஷத்தை வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார்கள். பிற்கால விளையாட்டுகள் பல, வசதி என்று நினைத்து அதை எடுத்துவிட்டன. எடுத்தது தவறு என்பது என் கருத்து.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் டயப்லோ 2 விளையாடிய இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை பார்த்துவிட்டு, பழைய கணினி ஒன்றையும் நகல் சீடிகளையும் கொண்டுவந்து, லயம் என்ற வரிசை வீட்டில் தம் காம்பராவில் வைத்திருந்தார். வீட்டில் இணைய இணைப்பு இல்லை. இந்த விளையாட்டுக்கு அது தேவையுமில்லை. மெபிஸ்டோ என்ற மூன்றாம் கட்டத்துத் தலைவனை அவர் மாலை தோறும் போய்க் கொன்று வந்தார். அவனுடைய பட்டியலில் நல்ல பொருட்கள் விழும் சாத்தியம் அதிகம் என்று தெரிந்திருந்தது. ஒற்றை ரூல் கணக்குக் கொப்பியில் ஒவ்வொரு சுற்றிலும் விழுந்ததைக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். நீலத்துக்கு ஒரு கோடு, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பொன்னிறம் விழுந்தால் பெயர் முழுதாக. பக்கத்தின் ஓரத்தில் சதவீதக் கணக்கு. மந்திரப் பொருள் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டும் கவசத்தை அணிந்தால் தம் பலம் எவ்வளவு குறையும், அதனால் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிஷம் கூடும், எது லாபம் என்று கழித்துப் பார்த்திருந்தார். பள்ளியில் கணிதத்தில் அவர் நன்றாகச் செய்தவரல்ல.

அவருடைய அம்மா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துக் காயப் போட்டுவிட்டு, எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"என்னா தம்பி, கெடச்சுச்சா?"

"இல்லம்மா. இன்னைக்கு வெறும் மஞ்சள்தான்."

"நாளைக்கு விழும்."

கிண்டலாக அவர் சொல்லவில்லை. மகன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது. அளவு எடுக்கிற வேலை அது என்று அவர் கண்டுகொண்டார்.

உளவியலாளர்கள் இதற்கு ஆயத்தமான ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பி. எஃப். ஸ்கின்னரும் சார்ள்ஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு, எத்தனை முறை கொத்தினால் தானியம் வரும் என்று தெரியாத புறா, நிச்சயமாகத் தெரிந்த புறாவைவிட விடாமல் கொத்துகிறது என்று காட்டியது. 1990களில் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸும் அவரோடிருந்தவர்களும் குரங்குகளின் மூளையில் டோப்பமின் நரம்பணுக்களை அளந்து, அவை வெகுமதிக்கு மட்டும் துடிப்பதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்குமான வித்தியாசத்துக்கே அதிகம் துடிக்கின்றன என்று கண்டார்கள். இரண்டும் உண்மை. லொத்தர் சீட்டு விற்கிறவரிடம் ஒவ்வொரு வாரமும் திரும்பி வருகிற கூட்டத்துக்கும் இவை பொருந்தும். ஆனால் அந்தக் கொப்பிக்கு இவை பொருந்தவில்லை. புறா கணக்கு எழுதுவதில்லை. ஒரு கவசத்தின் பாதுகாப்பைவிட அதன் வேகம் தனக்கு உதவும் என்று தீர்மானித்து, மூன்று நாள் உடைத்துக் கட்டி, தன் பாத்திரத்தைத் தன் எண்ணப்படி அமைத்துக்கொள்கிற ஒருவரின் இன்பத்தைக் கூண்டுக்குள் வைத்து விளக்க முடியாது. லூட் விளையாட்டு கெட்டபழக்கம் என்று சொல்லுகிறவர்கள் கையின் விடாப்பிடியை மட்டும் பார்த்துவிட்டு, தலையின் வேலையைப் பார்க்காமல் விடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது. அவன் யோசிக்கிறான் என்பதை நம்ப நம் சமூகத்துக்கு எப்போதும் கஷ்டமாகவே இருந்திருக்கிறது.

இந்த இன்பத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. தராசு நேராக இருக்க வேண்டும்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூடைக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, மழைத்தண்ணிக்கு இவ்வளவு, முத்தல் இலைக்கு இவ்வளவு என்று கிலோக்கள் கழிபடும். கழிப்பதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் வெயில் நாளிலும் தண்ணிக்குக் கழித்தால் அக்காமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நீண்டகாலப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று சம்பளச்சபை வழியாக ஆனது. பல தோட்டங்களில் கொழுந்தின் அளவு அதைத் தொடர்ந்து கூட்டப்பட்டது என்று தொழிற்சங்கங்கள் குற்றஞ்சாட்டின. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உரமில்லாத செடியில் தளிர் குறைந்தது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்து 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. செடி கொடுப்பது குறைய, தராசு கேட்பது கூடியது. முழுப்பேர் வாங்கிக்கொண்டிருந்த கை அதே வேகத்தில் போய்வந்தும் அரைப்பேர் வாங்கியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனபோதும் தோட்டங்களில் முதலில் எழுந்த கேள்வி, எத்தனை கிலோவுக்கு என்பதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2022 ஆகஸ்ட்டில் பாத் ஒஃப் எக்ஸைலில் நடந்ததைப் பார்க்கலாம். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் இயங்கும் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்ட விளையாட்டு இது. பணமே இல்லாத பொருளாதாரம் அப்போது இதன் சிறப்பாக இருந்தது. பொருட்களை மாற்றியமைக்கப் பயன்படும் உருண்டைகளே நாணயமாகவும் புழங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை லீக் என்ற புதிய பருவம் தொடங்கும். எல்லாரும் வெறுங்கையோடு ஆரம்பிப்பார்கள். கலாண்ட்ரா ஏரி என்ற பருவத்தில் அரக்கர்களின் டிராப் சடாரெனச் சரிந்தது. பழைய பருவங்களிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த மேலதிக டிராப் அனுகூலங்களை நிறுவனம் அகற்றியிருந்தது. வெளியீட்டுக் குறிப்புகளைப் படித்த விளையாட்டாளர்களுக்கு அது இவ்வளவு பெரிய வெட்டு என்று விளங்கவில்லை. கொந்தளிப்பு எழுந்தது. நிறுவனத்தின் கிரிஸ் வில்சன் விளக்கம் எழுதவேண்டி வந்தது, பின்னால் திருத்தங்களும் வந்தன.

வெளியே நிற்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். இல்லாத வாளுக்காக இத்தனை ஆத்திரமா? டிராப் குறைவாக இருப்பதை விளையாடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். அரிதாக இருந்தால்தான் மாணிக்கம். அவர்கள் கொந்தளித்தது, தாங்கள் கொப்பியில் எழுதிவைத்த கணக்கைத் தங்களுக்குச் சொல்லாமல் ஒருவர் மாற்றியதற்காக. போன வாரம் அறிந்த பட்டியல் இந்த வாரம் செல்லாது என்றால், அறிவுக்கு மதிப்பில்லை, உழைப்பு மட்டும் மிஞ்சும். அதிர்ஷ்டக் குறைவை மனிதர் பொறுத்துக்கொள்வார்கள், ஆற்றங்கரையில் எத்தனையோ வெற்றுத்தட்டுகளைக் கழுவியவர்கள் அதற்குச் சாட்சி. அளவு மாற்றத்தைப் பொறுப்பதில்லை.

இன்னொரு விதமான கெடுதலும் உண்டு. அது கல்லைத் தோண்டுகிறவரிடமிருந்து கல்லைப் பிரிப்பது. 2012 மே 15இல் டயப்லோ 3 வந்தபோது முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சேவையகத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்ற விதியால், முதல் நாளில் உலகம் முழுக்க விளையாட்டாளர்கள் 'பிழை 37' என்ற அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் மூடுபனியோடு வந்து போகிற பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு இந்த விதி வாசலிலேயே கதவைச் சாத்துவது. ஆனால் பெரிய பிழை அடுத்த மாதம் வந்தது. உண்மையான பணத்துக்குப் பொருட்களை வாங்கவும் விற்கவும் ஏலச்சந்தை திறந்தார்கள். ஒரு கவசம் விற்றால் நிறுவனத்துக்கு ஒரு டொலர் தரகு.

நோக்கம் கெட்டதென்று சொல்ல மாட்டேன். டயப்லோ 2 காலத்தில் தங்கக்காசு மதிப்பிழந்து, ஜோர்டன் கல் என்ற மோதிரமே புழங்கும் நாணயமாகியிருந்தது. போலிப் பிரதிகள் பெருகி, வெளித்தளங்களில் மோசடி மலிந்தது. அந்த மோதிரங்களை வணிகரிடம் விற்று அழிக்க வைப்பதற்காகவே ஒரு சிறப்பு அரக்கனை நிறுவனம் கொண்டுவர வேண்டியிருந்தது. கறுப்புச் சந்தையைத் தாமே நடத்தினால் நேர்மையாக நடத்தலாம் என்று கணக்குப் போட்டார்கள். விளைவு வேறாகியது. சந்தையில் சில நிமிஷத்தில் கிடைப்பது மலையில் மாதக்கணக்கிலும் விழாது என்ற நிலை வந்தது. விழுந்தாலும் பெரும்பாலும் உங்கள் பாத்திரத்துக்குப் பொருந்தாது; விற்கத்தான் வேண்டும். கொல்வது வேலையாகவும் சந்தை விளையாட்டாகவும் ஆனது. வடிவமைப்பாளர் ஜே வில்சனே 2013இல், ஏலச்சந்தை விளையாட்டுக்கு ஊறு செய்துவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18இல் அதை மூடினார்கள். அதற்குச் சற்று முன், விழும் பொருள் குறைவாகவும் விளையாடுபவரின் பாத்திரத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்கும்படி பட்டியல்களைத் திருத்தி எழுதினார்கள். மக்கள் திரும்பி வந்தார்கள்.

சப்ரகமுவ மாகாணத்தின் மாணிக்க வியாபாரத்தை அறிந்தவருக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. 2021 ஜூலையில் இரத்தினபுரியில் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டியபோது 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் கொத்து கிடைத்தது என்ற செய்தி உலகம் சுற்றியது. 10 கோடி டொலர் பெறும் என்றெல்லாம் எழுதினார்கள். குழிக்குள் இறங்கி வாருகிறவருக்கு அப்படிப்பட்ட விலை கனவில்கூடத் தெரிவதில்லை. நிலத்துக்காரர், முதல் போட்டவர், அனுமதிப்பத்திரக்காரர், நீரிறைக்கும் இயந்திரக்காரர் எல்லாரும் பங்கு எடுத்தபின்தான் அவர் பங்கு. கல்லின் விலையோ அவர் கண்ணில் படாத மேசைகளில் தீர்மானமாகிறது. டயப்லோ 3இன் முதல் இரண்டு வருஷத்தில், பணம் கொடுத்து விளையாட்டை வாங்கிய ஒவ்வொருவரும் இதே குழிக்குள் நின்றார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் கணினி விளையாட்டுகள். லயங்களுக்குள் இன்று வந்திருப்பது அவையல்ல. 2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டு, படிப்பு வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் போனபோது, கடன்பட்டும் சீட்டுக்காசு எடுத்தும் பிள்ளைக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். அந்தப் போனில் வகுப்போடு ஃப்ரீ ஃபயரும் வந்தது. சிங்கப்பூரின் கரினா நிறுவனம் 2017இல் வெளியிட்ட இது, குறைந்த நினைவகமுள்ள மலிவுப் போனிலும் ஓடும். 50 பேர் ஒரு தீவில் குதித்து, வீடுவீடாகப் புகுந்து ஆயுதம் பொறுக்கி, கடைசி ஆள் யார் என்று பார்ப்பது. பத்து நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடியும். டயப்லோவிலிருந்து வெகுதூரம் தள்ளியிருப்பதுபோலத் தெரிந்தாலும் பொறுக்குவதும், நிறத்தால் தரம் பிரிப்பதும், பெட்டி திறக்கும் படபடப்பும் அதே பரம்பரை. ஒன்றுதான் மாறியிருக்கிறது, அதுவே எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஆட்டத்துக்குள் பொறுக்கியது ஆட்டத்தோடு போய்விடும். நிலைத்து நிற்கிற அழகிய உடைகளும் துப்பாக்கிகளின் அலங்காரத் தோற்றங்களும் பெரும்பாலும் டயமண்ட் என்ற விளையாட்டு நாணயத்தால் சுழற்றும் குலுக்கலில் இருக்கின்றன. டயமண்டைக் காசுக்கு வாங்க வேண்டும். குலுக்கல் மிஞ்சியது, அதைச் சம்பாதித்துத் தந்த உழைப்பு வெட்டி எடுக்கப்பட்டது.

2022 ஜூன் 2இல் வந்த டயப்லோ இம்மோர்ட்டல் இந்தப் பாதையின் மறுமுனை. முதன்மையாகப் போனுக்காகச் செய்யப்பட்ட இந்த டயப்லோ விளையாட இலவசம். ஆனால் பாத்திரத்தின் உச்சபலம் அரிய இரத்தினக்கற்களில் இருக்கிறது, அந்தக் கற்களைத் தருகிற பாதாளங்களின் சாவி காசுக்கு விற்கப்படுகிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இந்த விளையாட்டு வெளியிடப்படவேயில்லை. காசுக்கு விற்கும் குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜிய ஆணைக்குழு 2018இலேயே தீர்மானித்திருந்தது. ஜப்பான் 2012இல், துண்டுதுண்டாகச் சேர்த்து முழுத்தொகுதி ஆக்கினால் பரிசு என்ற வகைக் குலுக்கலை நிறுத்தியது. சீனா 2017இல், ஒவ்வொரு பொருளும் விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றது. சீனாவின் விதி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தராசின் முள்ளை நிறுக்கப்படுகிறவர் பக்கம் திருப்பச் சொன்னது அது.

டயமண்டின் விலை நம் ஊரில் தீர்மானமாவதில்லை என்பதும் 2022இல் தெளிவாகத் தெரிந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மார்ச்சில் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியபின் மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்குப் போனது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. டொலர் கணக்கில் ஓடுகிற கடையில் ரூபாவோடு நிற்கிற பிள்ளைக்கு, அதே உடை சில வாரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு. வீட்டில் மாவும் மண்ணெண்ணெயும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது போனில் டயமண்ட் வாங்கியதற்காக நடந்த சண்டைகளை, அந்த மாதங்களில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களோடு பேசியவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். பெற்றோர் அடித்தார்கள், போனைப் பிடுங்கினார்கள். பிள்ளைக்குக் கேம் பைத்தியம் என்றார்கள்.

அந்தச் சொல்லை இவ்வளவு எளிதாகப் பயன்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழப்பதும், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு நிற்பதும், கேடு தெரிந்தும் தொடர்வதும், பொதுவாக ஒரு வருஷ காலமாவது நீடிப்பதும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அடியல்ல, வைத்தியம் வேண்டும். மற்றப் பெரும்பாலோருக்கு நடப்பது வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள், மழை நிற்காத ஆவணி மாதத்தில், கை செய்ததை உடனே எண்ணிக் காட்டுகிற ஒரே பொருள் அந்தப் போன். பாடசாலையில் எழுதிய பரீட்சையின் பலன் மாதங்கள் கழித்து வரும். அம்மாவின் சம்பளச் சிட்டையில் கழிவுகள் போக மிஞ்சுவது ஏன் அவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் முழுசாக விளங்குவதில்லை. போனில் ஒருவனைச் சுட்டால் அந்தக் கணமே எண் கூடுகிறது. அந்தத் தெளிவுக்காக ஏங்குவது நோயில்லை. அந்த ஏக்கத்தை அறிந்து, தெளிவான எண்களுக்குப் பக்கத்தில் தெளிவில்லாத குலுக்கலை வைத்து விற்கிறார்களே, கேள்வி கேட்க வேண்டியது அவர்களிடம்.

நல்ல விடைகளைத் தேடியவர்களும் இருக்கிறார்கள். 2024 பெப்ரவரி 21இல் முழுவடிவில் வெளியான லாஸ்ட் ஈபொக், ஏலச்சந்தைச் சிக்கலுக்கு இதுவரை நான் கண்ட மிக நேர்மையான தீர்வை வைத்தது. விளையாடுபவர் இரண்டு சங்கங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒன்றில் சேர்ந்தால் சந்தையில் வாங்கலாம், விற்கலாம். மற்றதில் சேர்ந்தால் சந்தை இல்லை, பதிலாக உங்கள் கையில் விழுவது கூடும். வியாபாரியாக இருக்க விரும்புகிறவரும் தோண்டுகிறவராக இருக்க விரும்புகிறவரும் ஒருவர் இன்பத்தை மற்றவர் கெடுக்காமல் ஒரே மலையில் இருக்கலாம். கைவினையிலும், ஒரு பொருளை இன்னும் எவ்வளவு மாற்றியமைக்கலாம் என்ற எல்லை எண்ணாக எழுதியே கண்முன் நிற்கிறது. இணைய இணைப்பே இல்லாமல் தனியாக விளையாடவும் வழி வைத்திருக்கிறார்கள். கொட்டகலை இளைஞரின் கொப்பிக்கு ஏற்ற விளையாட்டு இது.

ஆனால் அதை விளையாட நல்ல கணினி வேண்டும், விலையும் டொலரில். பாத் ஒஃப் எக்ஸைல் இலவசம்தான். பதிவிறக்கப் பல பத்து ஜிகாபைட் டேட்டா வேண்டும், அதற்கும் கணினி வேண்டும். தராசு நேராக இருக்கும் விளையாட்டுகள் அநேகமாக எல்லாம் மேசைக் கணினியில் இருக்கின்றன. ஹட்டனுக்கு மேலே, கடன்பட்டு வாங்கிய போனில், ரீலோட் கார்டின் மிச்சத்தில் இலவசமாக இறங்குகிற விளையாட்டுகள் பெரும்பாலும் குலுக்கலை விற்பவை.